குண்டூசி குத்திய சீட்டுகள்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் ஆறாவது மாடிக்காரர் வீட்டுக் கொலுவுக்குப் போய்வந்தேன். கே.கே. நகரில் இப்போதெல்லாம் கொலு பார்ப்பது லிஃப்டில் ஏறி இறங்குகிற வேலைதான். ஒரே சாயங்காலத்தில் நான்கு வீடு முடித்துவிடலாம், நல்ல செருப்புகூட வேண்டாம். நான்கு வீட்டுச் சுண்டலையும் விடாமல் தின்றுவிட்டு, நான்கு பைகளையும் மேஜைமேல் கவிழ்த்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், எதற்கும் உதவாத பிளாஸ்டிக் டப்பா. ஆறாவது மாடிப் பையில் மட்டும் கடுகு நிறத்தில் ஒரு பிளவுஸ் பிட் இருந்தது. இன்றைய என் அளவுக்கு அதில் இரண்டு கையும் கால் முதுகும் தைக்கலாம்.

அதை எடுத்ததும் நான் செய்த முதல் காரியம், ஓரத்தைப் புரட்டிச் சீட்டு இருக்கிறதா என்று தேடியதுதான். இந்தக் காலத்தில் யார் சீட்டு குத்துகிறார்கள்? இருந்தாலும் விரல் தானாகப் போகிறது. தொட்டில் பழக்கம்.

தைப்பதற்காக யாரும் பிளவுஸ் பிட் வாங்குவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் கொடுத்தால் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மாம்பலத்தில் கிளம்பிய துணி கொலு, வளைகாப்பு, வரலட்சுமி நோன்பு என்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டு மடிப்புக் கலையாமல் மாம்பலத்துக்கே வந்து சேரும். இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. கொடுத்தவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. என் அம்மா ஒரு தடவை அதைச் செய்துவிட்டாள். அதுவும் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு. அத்தை மடிப்பில் இருந்த மஞ்சள் கறையை அடையாளம் கண்டுகொண்டு, அதற்கப்புறம் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னாள். பாயசம் வருவதற்குள் அம்மாவின் மானம் இலையோரம் போய்விடும்.

அன்றிலிருந்துதான் சீட்டு. பிட் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கொடுத்தவர் பெயர், ஊர், தமிழ் மாதம் மூன்றையும் எழுதிக் குண்டூசியால் குத்தி டிரங்குப் பெட்டியில் வைப்பாள். சீட்டுக்கென்று அவள் காகிதம் வாங்கியதில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற எதுவும் அவள் கத்தரிக்கோலுக்குத் தப்பாது. கல்யாணப் பத்திரிகை, அப்பாவின் ஆபீஸ் சுற்றறிக்கை, தம்பியின் கேள்வித்தாள் எல்லாம் இரண்டு விரல் அகலத் துண்டுகளாகிவிடும். எழுதுவது அம்மாவின் வேலை. நவராத்திரிக்குப் பைகளை நிரப்பும்போது பெயரைப் படித்துச் சொல்லிவிட்டு, சீட்டை உருவிக் குப்பைக் கூடையில் போடுவது என் வேலை. குண்டூசியை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அம்மா இந்தச் சித்திரையில் காலமானாள். டிரங்குப் பெட்டி தம்பி வீட்டிலிருந்து எனக்கு வந்தது. "உனக்குத்தாங்கா அது சரியா இருக்கும்" என்றான். என்ன அர்த்தத்தில் சொன்னானோ. கட்டிலுக்கடியில் தள்ளியதோடு சரி, ஆறு மாதமாகத் திறக்கவில்லை. கடுகு நிறத்தை அதில் போட்டுவைக்கலாமே என்று போன வாரம்தான் இழுத்துத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. எனக்கு மறுபடி இருபது வயதாகிவிட்டது.

இருபது வயதில் என் கல்லூரிப் பையில் தாவரவியல் ரெக்கார்டு நோட்டோடு ரேஷன் கார்டும் இருக்கும். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு இருக்கும். கேஸ் பதிவு செய்த சீட்டு இருக்கும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இன்னொரு சந்து. காலையில் பால், தம்பிக்கு டிபன், அப்பாவுக்கு மாத்திரை என்று எல்லாம் முடித்து, துரைசாமி சுரங்கப்பாதையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து தி. நகர் பேருந்து நிலையம் போய், அங்கிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த கல்லூரிக்கு பஸ் பிடிப்பேன். சாயங்காலம் வரும்போது காய்கறி. அம்மா அந்தச் சுரங்கப்பாதையைத் தனியாகத் தாண்டி நான் பார்த்ததில்லை. "எனக்கு பஸ் நம்பர்லாம் தெரியாதுடி, நீ போய்ட்டு வந்துடு" என்பாள். மின்சாரக் கட்டணமா, வங்கியா, பக்கத்துத் தெருவில் துக்கமா, எல்லாவற்றுக்கும் நான்தான். பெருமையாகத்தான் செய்தேன். பெருமைப்பட்டுக்கொண்டே சுமந்தால் பாரம் தெரியாது பாருங்கள்.

கல்லூரியில் நாங்கள் மூன்று பேர். காயத்ரியின் வீடு மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்புறத் தெருவில், மூன்று தலைமுறையாக அதே வீடு. நஸ்ரீன் சைதாப்பேட்டையிலிருந்து வருவாள். அவள் அப்பா புடவைகளுக்கு ஜரிகை வேலை செய்கிறவர். காயத்ரி எதற்கும் தலையசைப்பாள், நஸ்ரீன் எதற்கும் சண்டைக்கு நிற்பாள். நடுவில் நான். கல்லூரி விட்டதும் காயத்ரி வீட்டில் நுழைந்து காபி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். "வாங்கோடிம்மா, பசியோட வந்துருப்பேள்" என்று காயத்ரியின் அம்மா வாய் நிறைய வரவேற்பார். எனக்கும் காயத்ரிக்கும் டவரா டம்ளரில் காபி வரும். நஸ்ரீனுக்கு மட்டும் கண்ணாடி கிளாஸில் வரும். நஸ்ரீன் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு வருவாள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவள் நான். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், அந்த வீட்டில் யார் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஆள் உண்டு என்று.

மூன்றாம் வருஷம் எனக்கு ஒரு ஆசை வந்தது. புனேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். எங்கள் பேராசிரியை ஒருநாள் வகுப்பில் அந்தப் பக்கத்து மலைகளின் செடிகளைப் பற்றிச் சொன்னார். செடிகள் மேல் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், விண்ணப்பத்தோடு வந்த விவரப் புத்தகத்தில் விடுதி அறையின் படம் ஒன்று இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். நான் பிறந்ததிலிருந்து கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவள். அந்தக் கட்டிலை என் கட்டில் என்று நினைத்து நினைத்து, அந்தப் பக்கம் தாளே நைந்துபோயிற்று.

வீட்டில் சொன்னால் நடக்காது. நுழைவுத் தேர்வை அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். 'காயத்ரி வீட்டில் சேர்ந்து படிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போய் எழுதினேன். முடிவு கடிதமாகத்தான் வரும். எங்கள் சந்தில் தபால்காரர் மத்தியானம் வருவார், நான் இருக்க மாட்டேன், அம்மா வாங்குவாள். அதனால் விண்ணப்பத்தில் யாராவது சிநேகிதியின் விலாசத்தைக் கொடுக்க வேண்டும்.

"என் அட்ரஸக் குடுடி" என்றாள் நஸ்ரீன். "எங்க ஊட்டாண்ட எவன் இங்கிலீசு லெட்டரப் பிரிக்கப்போறான்? அப்டியே எட்டாந்து உன் கைல குடுத்துர்றேன்."

நான் காயத்ரியின் விலாசத்தைக் கொடுத்தேன். ஏன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். சைதாப்பேட்டைச் சந்தில் கடிதம் தொலைந்துபோகும் என்று நஸ்ரீனிடம் சொன்னேன். நான் குடியிருந்ததும் ஒரு சந்துதான். மயிலாப்பூர் வீடு, மூன்று தலைமுறை, வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. எனக்கும் பகட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். நஸ்ரீன், "சரி, உன் இஷ்டம்" என்றாள். அன்று பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சித்திரை போயிற்று, வைகாசி வந்தது. கல்லூரி முடிந்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்து வாரத்துக்கு மூன்று நாள் காயத்ரி வீட்டுக்குப் போவேன். வாசலிலேயே கேட்பேன். "வரலைடி" என்பாள். ஒருநாள் தைரியம் வந்து, எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து புனேக்குப் பேசினேன். எடுத்தவர் எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ கேட்டார், நான் அவருக்குப் புரியாத இங்கிலீஷில் ஏதோ சொன்னேன், இரண்டு பேரும் மரியாதையாக வைத்துவிட்டோம். ஆனி பிறந்ததும் காயத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே வராதுடி. கிளாஸ் ஆரம்பிச்சுருப்பா. விடு, நம்மளுக்கு இங்கயே சீட் இல்லையா என்ன?" குளத்தங்கரைக் கடைக்குக் கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கித் தந்தாள். நான் குடித்துக்கொண்டே அழுதேன். அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். என் கண்ணைத் துடைக்கும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. எவ்வளவு நல்ல சிநேகிதி என்று வீடு வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

எம்.எஸ்ஸி.யே வேண்டாம் என்று முரண்டு பிடித்தேன். தி. நகரில் ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். காயத்ரி எங்கள் கல்லூரியிலேயே மேற்படிப்பில் சேர்ந்தாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் எங்கள் கொலுவுக்குக் கூட்டம் அதிகம். பிட் பற்றவில்லை. டிரங்குப் பெட்டியின் அடிவரை போனேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சையில் ஒரு பிட். கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சீட்டு, அம்மாவின் குண்டு குண்டான எழுத்து. வழக்கம்போல் சத்தமாகப் படித்தேன்.

"காயத்ரி அம்மா. மயிலாப்பூர். வைகாசி."

படித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா காயத்ரியின் அம்மாவைப் பார்த்ததே கிடையாது. அந்தச் சுரங்கப்பாதையைத் தாண்டினால்தானே பார்ப்பதற்கு?

சமையலறையில் அம்மா சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சீட்டை நீட்டினேன்.

"இது என்னம்மா?"

அவள் பார்த்தாள். துருவுவதை நிறுத்தவில்லை. "நீதான படிச்ச. அப்புறம் என்ன கேள்வி?"

"எதுக்கு அங்க போன?"

"அந்தம்மா போன் பண்ணாங்க. உன் பேருக்கு ஒரு லெட்டரு வந்திருக்கு, பிரிச்சுப் பாத்துட்டோம், என்ன பண்றதுன்னு கேட்டாங்க. நாலு பேருகிட்ட வழி கேட்டு, ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கியாந்தேன்."

"எங்க அது?"

"கிழிச்சாச்சு."

எனக்கு ஆத்திரம் வந்தால் வார்த்தை வராது, இன்றும் அப்படித்தான். அம்மாதான் பேசினாள். "நீ போயிட்டா இந்த வீட்ட யாருடி பாக்குறது? உங்கப்பா மாத்திரை எதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ என்னைக் கேட்டியா?" தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டாள். "சொந்த வீட்டு அட்ரஸக் குடுக்க உனக்கு மனசு வரல. எவளோ வீட்டு அட்ரஸ் இனிச்சுதோ? அந்தம்மா முன்னாடி நான் எப்படிக் கூனிக் குறுகி நின்னேன் தெரியுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தால் ஆத்திரம் குறைந்துவிடுமா என்ன? எனக்காக ஒரு தெரு தள்ளி இருந்த மாவு மில்லுக்குப் போகாதவள், என்னைப் போக விடாமல் தடுப்பதற்காக ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். அந்தச் சாமர்த்தியம் இவ்வளவு நாளும் அவளிடம் இருந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காயத்ரி வீட்டுக்குப் போனேன். அங்கேயும் கொலு. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். காயத்ரி பட்டுப்புடவையில் சுண்டல் கிண்ணங்களோடு வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"அம்மா சத்தியம் வாங்கிண்டுட்டாடி" என்றாள் மெல்லிய குரலில். "உங்கம்மா இங்க கூடத்துல உக்காந்து அழுதா. நான் என்ன பண்ணுவேன் சொல்லு?"

"லெட்டர்ல என்ன இருந்தது?"

"செலெக்ட் ஆயிருந்தே. ஹாஸ்டலும் அலாட் ஆயிருந்துது."

"ரோஸ் மில்க் வாங்கித் தந்தியே, அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்." கிண்ணங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ அழறச்சே சொல்லிடலாம்னு தோணித்துடி, நிஜமா."

"தோணுச்சு. சொல்லல."

"நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். அப்போதும் அந்தக் கண் கலங்கியது. அன்று குளத்தங்கரையில் கலங்கிய அதே கண்தான்.

துரோகம் செய்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. இவர்கள் யாரும் திருப்பவே இல்லை. காபி கொடுத்தார்கள், கண் துடைத்தார்கள், தலை பின்னிவிட்டார்கள். ஐந்து மாதம். ஒரு தெருவே சேர்ந்து எனக்குப் பின்னால் நின்று சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. திரும்பி நடந்தபோது பின்னால் காயத்ரியின் அம்மா குரல்.

"அடடா, நவராத்திரியும் அதுவுமா வெறுங்கையோட போகப்படாதுடிம்மா. குங்குமம் எடுத்துக்கோ."

ஒரு பையை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, ஊதா நிறத்தில் ஒரு பிட். நான் வாங்கிக்கொண்டேன். அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. என் கழுத்தை அறுத்த வீட்டில் நின்றுகொண்டு குனிந்து குங்குமம் இட்டுக்கொண்டேன். வெற்றிலை பாக்கை மறுக்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அம்மாவும் வைகாசியில் அந்தக் கிளிப்பச்சையை இப்படித்தான் வாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து பையை ஊஞ்சல்மேல் எறிந்தேன். சாயங்காலம் பார்த்தால், அம்மா ஊதாப் பிட்டை நீவி மடித்து, சீட்டு எழுதிக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். முறை என்றால் முறைதான் அவளுக்கு.

நஸ்ரீனிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். மாம்பலம் ரயில் நிலையத்தில், படிக்கட்டுக்குக் கீழே. திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்க ஊட்டுக்கு வந்திருந்தா எங்கப்பா அந்த லெட்டர மெக்கா படம் கணக்கா மாட்டி வெச்சிருப்பாரு" என்றாள். "இன்னாடி பண்றது, உனக்கு நாங்க கண்ணாடி கிளாஸுதான்." ரயில் வந்தது, ஏறிப்போய்விட்டாள். அதற்குப் பிறகும் பேசிக்கொண்டோம், ஒருத்தி கல்யாணத்துக்கு ஒருத்தி போனோம். ஆனால் அவள் சொன்னது சரி.

அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். மன்னிக்கவில்லை. கல்யாணமாகிப் போகும்வரை இன்னும் ஐந்து வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தேன். மாத்திரை வாங்கினேன், கேஸ் பதிவு செய்தேன், ஒவ்வொரு நவராத்திரியிலும் பை நிரப்பினேன். புனே என்ற ஊரின் பெயரை இரண்டு பேரும் உச்சரித்ததில்லை. ஒரு தடவை தொலைக்காட்சியில் அந்த ஊர் வந்தபோது அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தத் தெருவில் காயத்ரியின் வீடு இல்லை. இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்பியிருக்கிறார்கள், பித்தளைப் பலகை எங்கே போயிற்றோ. காயத்ரி ஏதோ வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. குளத்தங்கரைக் கடை இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். யாருக்கும் யார் விலாசமும் தேவையில்லை. என் மகளுக்குக் கல்லூரி கிடைத்த செய்தி அவள் கையில் இருக்கிற போனுக்கே வந்தது, நாங்கள் யாரும் பிரிக்கவில்லை.

டிரங்குப் பெட்டியில் ஏழு பிட் மிச்சம் இருந்தன. தரையில் உட்கார்ந்து அம்மாவின் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். அத்தை பெயர், கீழ் வீட்டு மாமி பெயர், இப்போது உயிரோடு இல்லாத யார் யார் பெயரோ. கடைசியில் ஊதா. "காயத்ரி அம்மா. மயிலாப்பூர். புரட்டாசி." அதை அவள் யாருக்கும் கொடுக்கவே இல்லை. குண்டூசி துருவேறித் துணியோடு ஒட்டியிருந்தது. இழுத்ததில் சீட்டு கிழிந்து கையோடு வந்து, மறுபக்கம் திரும்பியது.

மறுபக்கத்தில் இங்கிலீஷ் தட்டச்சு எழுத்து. என் பெயர், முன்னால் 'மிஸ்' என்று மரியாதையோடு.

மற்ற ஆறு சீட்டுகளையும் உருவித் திருப்பினேன். அத்தை பெயருக்குப் பின்னால் பல்கலைக்கழக முத்திரையின் ஓரம். கீழ் வீட்டு மாமிக்குப் பின்னால், விடுதி, அறை எண், அதோடு வெட்டுப்பட்ட ஒரு வரி. மற்ற நான்கும் கல்யாணப் பத்திரிகை. அம்மா கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருந்த நல்ல தாள், அவளுக்கு எறிய மனசு வந்திருக்காது. இரண்டு விரல் அகலத்தில் வெட்டிவைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக அதன் முதுகில் பெயர் எழுதியிருக்கிறாள்.

மூன்று துண்டுகளையும் மேஜைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தேன். சேரவில்லை, நடுவில் நிறையத் துண்டுகள் இல்லை. எங்கே போயிருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஐந்து வருஷமும் பெயரைச் சத்தமாகப் படித்து, சீட்டை உருவி, திருப்பிப் பார்க்காமல் குப்பைக் கூடையில் போட்டவள் நான்தான். குண்டூசியை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.